நடு திறந்த பூ

அவர் டேலியா வளர்த்தார் என்று பெரம்பலூரில் யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வளர்த்தது என் அக்கா. மண் கலந்தது, கொழுந்து கிள்ளியது, குச்சி நட்டுக் கட்டியது, பூச்சி பொறுக்கியது எல்லாம் அவள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பூவுக்குப் பக்கத்தில் நின்று, அது என்ன வகை என்று சொன்னார். அவர் செய்த வேலை அவ்வளவுதான்.

அவர் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. 'அவர்' என்று மரியாதை போட்டு எழுதுவது அக்காவுக்காக.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், டவுன் முடிகிற இடத்தில் அவர்களுடைய நர்சரி இருந்தது. நான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அங்கே நிறுத்தி, அக்கா கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவேன். டீ வருகிற வரைக்கும் அவர் பேச்சைக் கேட்க வேண்டும். டீயின் விலை அது.

இளவயதில் மலைமேல் ஒரு பெரிய பூந்தோட்டத்தில் சில வருடம் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டால் சுற்றி வளைப்பார். வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. வருடா வருடம் அங்கே பூக்களுக்கு மார்க் போட ஆட்கள் வருவார்களாம். அவர்கள் பேசியதையெல்லாம் பின்னாலேயே போய்க் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். பூவைத் தொடாமலே பூவைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு மலையிறங்கி வந்துவிட்டார்.

அப்படியென்ன பெரிய வித்தை என்றால், ஒன்றுமில்லை. இதழ் அகலமாக, அடுக்கடுக்காக இருந்தால் டெகரேட்டிவ். இதழ் சுருண்டு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் காக்டஸ். பந்து மாதிரி உருண்டையாக இருந்தால் பால், அதிலேயே எலுமிச்சம்பழம் அளவு என்றால் பாம்பான். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்தால் டின்னர் பிளேட். லாரி ஓட்டுகிற எனக்கே ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அவர் இதை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளையே ஓட்டினார்.

ஒருநாள் வேப்பந்தட்டையிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தார். வண்டியை நிறுத்தாமலே கேட்டார்.

"அண்ணே, செவப்பு டேலியா இருக்கா? வாசல்ல வெக்கணும்."

"செவப்புன்னா என்னா வகைம்மா? டெகரேட்டிவ்வா, காக்டஸா?"

"செவப்பா இருந்தாப் போதும்ண்ணே."

"அப்புடிச் சொல்லக் கூடாது. ஒரு பூவுல மொதல்ல பாக்க வேண்டியது வடிவம். அப்புறம் இதழோட கனம். அப்புறம் காம்பு. கலரு கடைசிதான்."

"வெயில் தாங்குமாண்ணே?"

"தாங்குறதும் தாங்காததும் ஒங்க கையில இருக்கு. மொதல்ல டேலியான்னா என்னான்னு நீங்க புரிஞ்சுக்கணும்."

அந்தப் பெண் புரிந்துகொண்டார். எதிர்ப்பக்கத்துக் கடையில் ஒரு இட்லிப்பூச் செடியை வாங்கி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். "ரசனை கெட்ட சனம்" என்றார் மாமா. உள்ளே அக்கா சிவப்புப் பூ விரிந்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அப்படியே திரும்பிக் கொண்டுபோய் வைத்தாள்.

செடி பூத்தால் அது அவர் திறமை. செத்தால் வாங்கியவன் தப்பு. அழுகிப்போன கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டு யாராவது சண்டைக்கு வந்தால், "கெழங்கு வாங்கும்போது கண்ணப் பாத்து வாங்கணும்னு சொன்னேனே, பாத்தீங்களா?" என்பார். முளை கிளம்புகிற இடத்துக்குக் கண் என்று பேர். வந்தவர் முழிப்பார். அந்த முழியைப் பார்ப்பதில் மாமாவுக்கு ஒரு ருசி.

அக்கா ஒன்றும் வாயில்லாத பிள்ளை இல்லை. பெரிய பூ வேண்டுமென்றால் நடு மொட்டை மட்டும் விட்டுவிட்டுப் பக்கத்து மொட்டுகளை ஒடித்துவிட வேண்டும். அவர் ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு, "ஏய், பக்க மொட்டெல்லாம் ஒடிச்சிடு" என்று குரல் கொடுப்பார். "ஒடிச்சாச்சு, நீங்க பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே" என்று அவளிடமிருந்து பதில் வரும். ஆனாலும் வேலையைச் செய்தாள். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அக்காவுக்கு அந்தச் செடிகளை விட்டால் வேறு என்ன இருந்தது.

பங்குனியில் கல்லங்குறிச்சி பெருமாள் கோவில் திருவிழாவுக்கு ஒரு தடவை ஸ்டால் போட்டார். டேலியா குளிர்காலப் பூ. மாசி முடியும்போதே நம் பக்கத்தில் அதற்கு மூச்சு வாங்கும். அக்கா வேண்டாம் என்றாள். கேட்கவில்லை. என் லாரியில்தான் தொட்டிகளை ஏற்றிப் போனோம். வெயில் ஏறியதும் அத்தனை பூவும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. இதழ்கள் கந்தல் துணி மாதிரி கீழே இறங்கிவிட்டன. நேர்த்திக்கடனுக்கு நெல் மூட்டை சுமந்து வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

"என்னாய்யா, பூவெல்லாம் தொங்குது?"

"தொங்கலைங்க பெரியவரே. இதழு பின்னால மடங்கிக் காம்பத் தொடணும். அப்பத்தான் பூவுக்கு மதிப்பு. இதுக்கு ரிஃப்ளெக்ஸ்னு பேரு."

"பேரு என்னாவா வேணா இருந்துட்டுப் போவட்டும். மொதல்ல தண்ணிய ஊத்துய்யா, பாவம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். வாடிய பூவை வாடியது என்று சொல்ல அந்த மனிதருக்கு வாயே வராது. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கோவில் குழாய்க்கு நடந்தாள்.

எனக்குப் பெண் பார்க்க அரும்பாவூர் போனபோதும் அவரைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பெண் வந்து வணக்கம் சொன்னது. இவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பெரிய பூ இல்ல. ஆனா காம்பு நல்ல ஒறுதி. தலை தொங்காது" என்றார்.

பெண்ணின் அத்தை பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "பூ பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. என் மனைவி இன்றுவரை அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. நானும் கொடு என்று சொன்னதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

ஒரு வருடம் அக்கா உதிர்ந்த டேலியா விதைகளைப் பொறுக்கி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு கிழிந்த சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பித் தூவி வைத்தாள். டேலியாவை விதையில் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புதுச் செடி. எது எப்படிப் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது. முளைத்தவையெல்லாம் வெயில் வந்ததும் போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது. பங்குனியில், மற்ற டேலியாவெல்லாம் கருகிக் கிடக்கும்போது, அது பூத்தது.

உள்ளங்கை அகலம்தான். செங்கல் நிறம், இதழ் நுனியில் மஞ்சள். இரண்டு அடுக்கு இதழ், நடுவில் மகரந்த வட்டம் திறந்தபடி இருந்தது. காலையிலிருந்து தேனீ மொய்க்கும். சித்திரை வெயிலில் தார் ரோடே இளகுகிறது, அந்தச் செடி தினமும் புதுப் பூவை நிமிர்த்திக்கொண்டு நின்றது. லாரியை விட்டு இறங்கி நானே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அரியலூரில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிற ஒருவர் தொட்டிப் பனைகள் வாங்க வந்தார். இந்தப் பூவைப் பார்த்துவிட்டு நாலு தண்டு வெட்டித் தரச் சொன்னார். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டார்.

"அக்கா, வாளித் தண்ணியில வெச்சது இன்னும் அப்புடியே நிக்கிதுக்கா. வெயில் காலத்துல எனக்கு எங்க பூ கெடைக்கிது? பெங்களூருலேருந்து வர்றது பாதி அழுகித்தான் வருது. இத நெறையா போடுங்க. எவ்ளோ வந்தாலும் நான் எடுத்துக்குறேன்."

அவர் மாமாவிடம் பேசவில்லை, அக்காவிடம் பேசினார். அந்த நர்சரியில் அக்காவிடம் யாரும் வியாபாரம் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் போட்ட டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னையும் இருக்கச் சொன்னாள். சோறு போட்டுக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"தண்ணித் தொட்டி ஓரத்து வரிசைய எனக்கு வுட்டுடுங்க. இந்தச் செடியப் பெருக்கிப் போடப் போறேன்."

"பாக்கலாம். மொதல்ல அது என்னா வகைன்னு முடிவு பண்ணுவோம்."

"வகை என்னாவா இருந்தா என்னா? வெயில்ல பூக்குதுல்ல."

"நடு தெறந்திருக்கு. அடுக்குப் பூன்னா நடு மூடி இருக்கணும். தெறந்த பூ கழிச்சுப் போட வேண்டிய பூ. மார்க் போடுறவன் பாத்தான்னா சிரிப்பான்."

"தெறந்திருக்கப்போயித்தான் தேனீ வருது."

"தேனீயா மார்க் போடுது?" என்றார். அதைப் பெரிய பதிலாக நினைத்து என்னைப் பார்த்தார். நான் ரசத்தைக் குடித்தேன்.

அக்கா தண்டிலிருந்து கொஞ்சம் கட்டிங் வெட்டி நட்டு வைத்துப் பார்த்தாள். வேர் விடுவதற்குள் வெயிலில் கருகிவிட்டன. "மழை வரட்டும். புதுத் தளிர் வந்ததும் வெட்டிக்கலாம். கெழங்கையும் பிரிச்சுக்கலாம்" என்று காத்திருந்தாள். உலகத்திலேயே அந்தப் பூவுக்கு அந்த ஒரு செடிதான். தினமும் காலையில் முதல் தண்ணீர் அதற்குத்தான்.

வைகாசியில் எங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அக்கா ஜெயங்கொண்டம் போய்ச் சில நாள் தங்கினாள். அந்த நேரம் பார்த்து, மலைத் தோட்டத்தில் முன்பு மார்க் போட்ட ஒரு பெரிய மனிதர் இந்த வழியாக வரப்போவதாக மாமாவுக்குச் செய்தி வந்தது. ஈஸி சேரிலிருந்து எழுந்தார். அவராக எழுந்து செய்த முதல் வேலை அந்தச் செடியைப் பிடுங்கியதுதான்.

சும்மா பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தால்கூட அக்கா வந்து நட்டுப் பிழைக்க வைத்திருப்பாள். இவர் வித்தைக்காரர் ஆயிற்றே. கத்தியை எடுத்துக் கிழங்குகளை ஒவ்வொன்றாக அடித்தண்டிலிருந்து நறுக்கிப் பிரித்துத் தனியாக வைத்தார். தண்டையும் அதன் அடிமுண்டையும் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்.

அந்தப் பெரிய மனிதர் குடும்பத்தோடு காரில் வந்தார். பாத்ரூம் எங்கே என்று கேட்டார். டேலியாப் பக்கம் திரும்பக்கூட இல்லை. போகும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிக்கொண்டு போனாராம்.

நான்தான் அக்காவை ஜெயங்கொண்டத்திலிருந்து கூட்டிவந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். நின்றாள்.

"செடி எங்க?"

"பதறாத. எடுத்துட்டேன். கெழங்கெல்லாம் பத்தரமா இருக்கு. தனித்தனியாத் தொட்டியில வெச்சிட்டேன். ஒரு செடி இருந்த எடத்துல இப்ப ஒம்போது வரும்" என்றார்.

"தண்டு? அடிமுண்டு?"

"அது எதுக்கு? எரிச்சாச்சு."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள். உருளைக்கிழங்குக்குத்தான் கண் உடம்பெல்லாம் இருக்கும். டேலியாவுக்கு அப்படி இல்லை. கிழங்கின் கழுத்து அடித்தண்டில் ஒட்டுகிற இடத்தில்தான் கண். அதில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வந்தால்தான் கிழங்கு முளைக்கும். அவர் கழுத்துக்குக் கீழே நறுக்கியிருந்தார். கண் இருந்த பகுதி முழுக்கச் சாம்பல்.

வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கண்ணைப் பார்த்து வாங்கு, கண்ணைப் பார்த்து வாங்கு என்று சொன்ன ஆள், கண் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வருடா வருடம் கிழங்கு பிரித்தவள் அக்கா. அவர் பக்கத்தில் நின்று பேர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுறா."

"நீ ஏங்க்கா சொல்ல மாட்டேங்குற? மொளைக்காதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"சொன்னா அதுக்கும் ஒரு பேரு வெச்சிருப்பாரு."

அவர் அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். வாழ்நாளில் முதல் தடவை. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. தொட்டியில் ஒன்றும் எழவில்லை. மற்ற வேலைகளை அக்கா வழக்கம்போலச் செய்தாள். அந்தத் தொட்டிகளைத் தாண்டிப் போகும்போது மட்டும் சேலையை ஒதுக்கிக்கொண்டு போனாள். அவரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அது அவருக்குத் தெரிந்ததா என்பதுகூட எனக்குச் சந்தேகம். கேட்பதற்கு ஆள் இருந்தால் போதும் அவருக்கு, பதில் வர வேண்டும் என்று இல்லை.

ஆவணியில் முகூர்த்தங்கள் வந்தன. அலங்காரக்காரர் வந்தார். அன்றைக்கு நானும் இருந்தேன்.

"அண்ணே, அந்த வெயில் பூ என்னாச்சு?"

"இந்தா, எல்லாம் தொட்டியில இருக்கு. கண்ணு தூங்குது. எழும்புற நேரம்தான். டேலியாவுல இது சகஜம் தம்பி. ஒறக்கம் கலையிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, அது மண்ணோட சூடு, காத்தோட ஈரம்..."

அக்கா வந்தாள். ஒரு தொட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள். மண்ணை உதறிக் கிழங்கை எடுத்தாள். கிழங்கு கல்லு மாதிரி கெட்டியாக இருந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாக வேர்கூட விட்டிருந்தது. மேலே மட்டும் ஒன்றும் இல்லை. மழமழவென்று வெட்டுத் தழும்பு.

அதை அவர் கையில் வைத்தாள்.

"கண்ணக் காட்டுங்க."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நடுவில் ஒரு பள்ளத்தை நகத்தால் தொட்டு, "இந்தா, இது" என்றார்.

"அது கத்தி பட்ட காயம்" என்றாள் அக்கா.

அலங்காரக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்தார். மாமா அசரவில்லை. "அது நடு தெறந்த பூ தம்பி. எப்புடியும் கழிக்க வேண்டியதுதான். நான் ஒங்களுக்கு நல்ல டெகரேட்டிவ் தரேன்" என்று ஆரம்பித்தார்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, மேடை கட்ட ஆள் பத்தலைன்னு சொன்னீங்களே."

"ஆமாங்க்கா."

"நாளைலேருந்து நான் வரேன்."

மாமா சிரித்தார். "இவளுக்குப் பூ வகையே தெரியாது தம்பி" என்றார்.

"கட்டத் தெரியுமாக்கா?" என்று அலங்காரக்காரர் அக்காவிடமே கேட்டார்.

"தெரியும்."

அன்றைக்கே ஒரு பையோடு என் லாரியில் ஏறினாள். அரியலூரில் என் வீட்டில் தங்கினாள். அவள் போன பிறகு நர்சரி எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று விளக்க வேண்டியதில்லை. நிழல்வலை கிழிந்து தொங்கியது. செடிகளை எதிர்க்கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அந்தக் கிழங்குத் தொட்டிகளை மட்டும் அவர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

தை மாதம் ஒருநாள் அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. கூப்பிடுகிறாரே, மனசு மாறியிருக்குமோ என்று நினைத்து எடுத்தேன்.

"மாப்ள, ஒரு விசயம் தெரியுமா? அந்தக் கெழங்குக்கு ஒரு பேரு இருக்கு. பிளைண்ட் ட்யூபராம். குருட்டுக் கெழங்கு. அழுவாது, மொளைக்காது, அப்புடியே கெடக்குமாம். ஃபோன்ல வீடியோ பாத்தேன், ஒரு வெள்ளக்காரன் சொல்றான். நான் அப்பவே நெனச்சேன். ஒங்கக்காகிட்ட சொல்லு."

குரலில் அவ்வளவு சந்தோஷம். லாட்டரி விழுந்தவன் மாதிரி. பதில் சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தையாகத்தான் வந்திருக்கும். ஃபோனை வைத்துவிட்டேன்.

அக்கா ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணிமேல் நின்று சாமந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே நின்று அவர் சொன்னதைச் சொன்னேன்.

"அது மட்டுந்தான் சொன்னாரா?"

"ஆமா."

"வேற எதும் கேக்கலையா? நான் எப்புடி இருக்கேன்னு?"

"இல்லக்கா."

முகத்தைத் தூணுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கட்டியதையே மறுபடி இழுத்து இழுத்துக் கட்டினாள். பிறகு கையை மட்டும் கீழே நீட்டினாள்.

"அந்தச் சரத்த எடு."

எடுத்துக் கொடுத்தேன்.